தோற்றவருக்குப் பிட்ஸ்பர்க்

நான் முதன்முதலில் நேரில் பார்த்த அரசர் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிட்ஸ்பர்க்குக்கு வெளியே, ஒரு தேவாலயத்தின் வாடகைக் கூடம். எண்பது பேர் சாப்பிட்டு எழுந்த இரவு. முழங்கை வரை சோப்புத் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு, அடிப்பிடித்த அண்டா ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். உடம்பில் இரவல் வாங்கிய பழுப்பு நிற அங்கி. அதன் கைகள் தண்ணீரில் விழாமலிருக்க ரப்பர் பேண்டு போட்டு ஏற்றியிருந்தேன். பக்கத்தில் யாரோ வந்து நின்று, துண்டை எடுத்து, கழுவி வைத்த தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்க ஆரம்பித்தார். நன்றி சொல்லலாம் என்று திரும்பினால் தலையில் கிரீடம். சாயங்காலம் சபை கூடியபோது எல்லோரும் மண்டியிட்டு வணங்கிய அதே மனிதர். என்ன செய்வதென்று தெரியாமல், கையில் தட்டோடு நானும் குனிந்தேன்.

"தட்டைக் கீழ போட்டுடாதீங்க" என்றார் மகாராஜா.

பழங்கால ராஜ்ஜிய வாழ்க்கையை உடுத்தியும் சமைத்தும் சண்டை போட்டும் விளையாட்டாக வாழ்ந்து பார்க்கிற ஒரு கூட்டம் இது. இந்த வயதில் இதெல்லாம் எனக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று தோழிகள் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு தப்பான சந்தேகம். எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண்மணி இருக்கிறார், ஐம்பது வயதைத் தாண்டியவர், அதிர்ந்து பேசாதவர். வியாழக்கிழமைகளில் கையில், தோளில் எங்காவது ஒரு இடம் ஊதா நிறமாகக் கன்றிப் போயிருக்கும். நம் மனசு எங்கே போகும்? வீட்டுக்காரன் அடிக்கிறானோ என்று பல நாள் மனசுக்குள்ளேயே பொங்கிவிட்டு, ஒருநாள் காபி இயந்திரத்தருகே தயங்கித் தயங்கிக் கேட்டேவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் காபி சிந்தியது. "வாள் பயிற்சி. புதன்கிழமை ராத்திரி. வந்து பாரேன்" என்றார்.

போய்ப் பார்த்தேன். பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடம் மாதிரி ஒரு இடம். இருபது பேர் இருப்பார்கள். பாதிப்பேர் இரும்புத் தொப்பியும் கவசமுமாக ஒருவரையொருவர் தடியால் விளாசிக்கொண்டிருந்தார்கள். மீதிப்பேர் ஓரமாக உட்கார்ந்து தைத்துக்கொண்டும், தக்களியில் நூல் நூற்றுக்கொண்டும் இருந்தார்கள். மேசைமேல் பிஸ்கட் டப்பா. இந்த மூன்றும் ஒரே அறையில் இருந்ததுதான் என்னைப் பிடித்துப்போட்டது என்று இப்போது தோன்றுகிறது.

அமைப்பின் பெயர் சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம். வாய் வலிக்கும் என்பதால் எல்லோருக்கும் எஸ்.சி.ஏ. 1966 மே 1ஆம் தேதி, கலிபோர்னியாவின் பெர்க்லியில், ஒரு வீட்டுப் புழக்கடையில் நடந்த விருந்தில் பிறந்தது. மத்தியகாலப் படிப்பிலும் மாயக்கதைகளிலும் ஊறிய இளைஞர்கள் சிலர் கேடயம் செய்து சண்டை போட்டார்கள். அது முடிந்ததும் டெலிகிராஃப் அவென்யூவில் ஊர்வலம் போனார்கள். ஊர்வலம் எதை எதிர்த்து என்றால், இருபதாம் நூற்றாண்டை எதிர்த்து! அந்த ஊரில், அந்தக் காலத்தில், எதையாவது எதிர்க்காமல் தெருவில் இறங்குவது மரியாதையில்லை போலிருக்கிறது. ஒருநாள் கூத்தாக முடிந்திருக்க வேண்டியது, அறுபது ஆண்டுகளில் உலகத்தையே இருபது ராஜ்ஜியங்களாகப் பங்குபோட்டுக்கொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஒரு ராஜ்ஜியம், டெக்ஸாஸும் ஓக்லஹோமாவும் ஒன்று, ஐரோப்பா முழுக்க ஒன்று. மேற்குப் பென்சில்வேனியாவில் இருக்கும் நான் எத்தல்மார்க்கின் பிரஜை.

ராஜா பரம்பரையாக வருவதில்லை, ஓட்டுப் போட்டும் வருவதில்லை. போட்டிச் சண்டையில் கடைசிவரை நிற்பவர் பட்டத்துக்கு வருவார். யாருக்காகச் சண்டையிட்டாரோ அவர் துணை அரசராகவோ அரசியாகவோ கூடவே வருவார். சில மாத ஆட்சிக்குப் பிறகு கிரீடத்தைக் கழற்றி அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊர்க் கட்சிகளில் யாராவது இதைப் படித்தால் நல்லது.

எங்கள் உள்ளூர்க் கிளையின் பெயர் டிபேட்டபிள் லேண்ட்ஸ். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே இரண்டு பேரும் உரிமை கொண்டாடிய எல்லைப் பகுதிக்கு இருந்த பழைய பெயர். நம் பாஷையில் பட்டாத் தகராறு உள்ள நிலம். எஸ்.சி.ஏ. வரைபடத்தில் பிட்ஸ்பர்க் ஒருகாலத்தில் கிழக்கு ராஜ்ஜியத்துக்கும் நடு ராஜ்ஜியத்துக்கும் எல்லையில் கிடந்தது. இரண்டு ராஜ்ஜியங்களுக்கும் 1972இல் தொடங்கி, ஆண்டுதோறும் விழாவாக நடக்கும் விளையாட்டுப் போர்தான் பென்சிக். அந்தப் போர் மூண்ட கதையைப் புதிதாக வருகிற எல்லோருக்கும் முதல் வாரமே சொல்லிவிடுகிறார்கள். கரியாடாக் என்று பெயர் வைத்துக்கொண்ட நடு ராஜ்ஜியத்து அரசர் (நிஜத்தில் டேவிட் ஃப்ரீட்மேன், பொருளாதார நோபல் வாங்கிய மில்டன் ஃப்ரீட்மேனின் மகன்) கிழக்கின்மேல் போர் அறிவித்தார். கிழக்கு கண்டுகொள்ளவில்லை. பிறகு அவரே கிழக்குப் பக்கம் குடிபெயர்ந்து, அங்கேயும் ஜெயித்து அரசராகி, தான் அறிவித்த போரில் தானே எதிர்த்தரப்பாக நின்று தோற்றார். பென்சிக் பற்றி இன்னொரு நக்கலும் உண்டு. மற்ற போர்களில் ஜெயித்தவருக்கு நாடு கிடைக்கும். இதில் தோற்றவருக்குப் பிட்ஸ்பர்க் கிடைக்கும். இந்த ஊரில் வீட்டுக் கடன் கட்டுகிறவள் என்பதால் முதல்முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் மாதத்தில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சிகளுக்கு வருகிறவர்களுக்கு உடை விஷயத்தில் விதி ஒன்றுதான்: 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய உடை உடுத்த 'ஒரு முயற்சி' செய்திருக்க வேண்டும். முயற்சி என்ற அந்தச் சொல்லைக் கவனிக்காமல், ஆன்லைனில் ஒரு 'ராஜகுமாரி கவுன்' வாங்கினேன். சிவப்பு வெல்வெட், முன்பக்கம் பொன் நிறக் கயிறு, முழங்கைக்குக் கீழே தரை வரை தொங்கும் கைகள். வெல்வெட் என்றால் பாலியெஸ்டர். அதை உடுத்திக்கொண்டு வெளியே வெயிலில் நின்ற இரண்டு மணி நேரத்தில் இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்த மாதிரி வெந்துபோனேன். சாயங்காலம் குளிருக்கு நெருப்பருகே போனால், ஒரு பாட்டி ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தார். பாலியெஸ்டரில் தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்றார். யாரும் கேலி செய்யவில்லை. அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது.

புதிதாக வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ளவே ஒவ்வொரு கிளையிலும் ஒரு பொறுப்பாளர் உண்டு. சில ராஜ்ஜியங்களில் ஷாட்டலைன், சிலவற்றில் ஹாஸ்பிடலர் என்பார்கள். அவரிடம் கோல்டு கீ என்று ஒரு பெட்டி இருக்கும். தங்கச் சாவி என்று பெயர், உள்ளே தங்கமெல்லாம் கிடையாது. பழைய அங்கிகள், இடுப்புக் கச்சைகள், மரக் கிண்ணங்கள். யார் வேண்டுமானாலும் எடுத்து உடுத்திக்கொண்டு, துவைத்துத் திருப்பித் தரலாம். இது முன்பே தெரிந்திருந்தால் அந்தச் சிவப்பு வெல்வெட்டுக்குக் கொடுத்த காசு மிச்சம். அதனால் யாராவது சேரப் போகிறேன் என்றால் நான் சொல்வது இதுதான்: ஆறு மாதத்துக்கு எதுவும் வாங்காதீர்கள். வாளும் வேண்டாம், கிரீடமும் வேண்டாம், கொம்புக் குவளையும் வேண்டாம். வாங்கியே ஆக வேண்டுமென்றால் நான்கு கஜம் லினன் துணி வாங்குங்கள்.

நான்கு கஜத்தை வைத்து என்ன செய்வதென்பது தனி வித்தை. 1936இல் தென்மேற்கு ஸ்வீடனில், போக்ஸ்டன் என்ற இடத்துச் சதுப்பு நிலத்தில் ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. பதினான்காம் நூற்றாண்டு ஆள். எலும்பைவிட அவன் உடைகள் நன்றாகத் தப்பித்திருந்தன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1921இல், கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஃப்ஸ்நெஸ் இடுகாட்டில், உறைந்த மண்ணுக்குள்ளிருந்து அங்கிகளும் தலைமூடிகளும் எடுக்கப்பட்டன. ராஜாக்கள் உடுத்தியவை அல்ல, சாதாரணச் சனங்களின் உடைகள். அவற்றை வைத்துத்தான் இன்று எங்கள் புதன்கிழமைக் கூடத்தில் துணி வெட்டுகிறார்கள். முன்னும் பின்னும் செவ்வகம், கைகளுக்கு இரண்டு செவ்வகம், வீசி நடக்கப் பக்கவாட்டில் முக்கோணங்கள், கையைத் தூக்கினால் கிழியாமலிருக்க அக்குளில் ஒரு சதுரம். இழை இழையாக நூற்று நெய்த துணி விலை உயர்ந்தது என்பதால் வெட்டும்போது கையகலம்கூட வீணாகாதபடி போட்ட கணக்கு.

அக்குள் சதுரம் எனக்கு மூன்று முறை தப்பியது. நான்காம் முறை வாட்ஸாப்பில் அம்மாவைக் கூப்பிட்டுக் கேமராவைத் துணிப் பக்கம் திருப்பினேன்.

"என்னடி இது, கோணிப்பை தைக்கிறியா?"

"இல்லம்மா, ஆயிரத்து முந்நூறுல போட்ட சட்டை."

"உங்க தாத்தா ஜிப்பாவுக்கு நான் வெக்காத துண்டா? மூலைய மொதல்ல பிடிச்சுக்க. நாலு பக்கத்தையும் ஒரே ஓட்டா ஓட்டாத. ஒவ்வொரு பக்கமா வந்து நிறுத்து, ஊசிய உள்ளயே வெச்சுத் திருப்பு."

திருப்பினேன். உட்கார்ந்துவிட்டது. அடுத்த வாரம் கூடத்தில் இதைக் காட்டியபோது, யாரிடம் கற்றீர்கள் என்றார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு நிபுணர் இருக்கிறார் என்றேன்.

சண்டையும் போட்டுப் பார்த்தேன். வாள் என்பது பிரம்பு. நம் வாத்தியார்கள் வைத்திருந்த அதே பிரம்பு, கொஞ்சம் தடிமன் கூட. ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையக் கூடாது, மேலே டேப் சுற்றியிருக்க வேண்டும். தலைக்கவசம் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட எஃகு. கழுத்து, முழங்கை, முழங்கால், சிறுநீரகம் என்று மூட வேண்டிய இடங்களுக்குப் பட்டியலே உண்டு. முழங்காலுக்குக் கீழே அடிக்கக் கூடாது. கையில் பட்டால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும், தொடையில் பட்டால் மண்டியிட்டுச் சண்டையைத் தொடர வேண்டும், தலையிலோ உடம்பிலோ பட்டால் செத்து விழ வேண்டும். யாராவது 'ஹோல்டு' என்று கத்தினால், ஆயிரம் பேர் மோதிக்கொண்டிருந்தாலும் அப்படியே நிற்க வேண்டும்.

பட்டதா படவில்லையா என்று சொல்வது யார்? பக்கத்தில் மார்ஷல்கள் நிற்பார்கள், ஆனால் பாதுகாப்பைப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை. தீர்ப்பு அடி வாங்கியவர் கையில். எல்லோரும் சங்கிலிக் கவசம் போட்டிருப்பதாக ஒரு பாவனை. அதையும் மீறிக் கொல்லக்கூடிய அடியா என்று வாங்கியவரே யோசித்து, "நல்ல அடி" என்று சொல்லிச் சாய வேண்டும். என் முதல் சண்டை அலுவலகத் தோழியோடுதான். ணங்கென்று தலையில் ஒன்று விழுந்தது. நான் அப்படியே நின்றேன். அவரும் நின்றார்.

"என்ன, செத்தியா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதானே அடிச்சீங்க?"

"நான் சொல்லக் கூடாது. நீ சொன்னாத்தான் அது அடி."

நாலாம் வகுப்பில் பிரம்படி வாங்கி, "வலிக்குதா?" என்ற வாத்தியாரிடம் "இல்ல சார்" என்று பொய் சொல்லிப் பழகியவள் நான். பிட்டுக்கு மண் சுமந்த கதையில் ஒருவன் முதுகில் விழுந்த பிரம்படி உலகத்தார் எல்லோர் முதுகிலும் விழுந்ததாகக் கேட்டு வளர்ந்தவள். இங்கே பிரம்பு யார்மேல் பட்டதோ அவர் வாய் திறந்தால்தான் கணக்கு. பட்டும் படாததுபோல் நிற்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்குக் காண்டாமிருகம் என்று பட்டப்பெயர். எருமைத் தோல் என்று நாம் சொல்வதில்லையா, அதுவேதான். அப்படிப் பெயர் எடுத்தவர் போட்டியில் ஜெயித்தாலும் கைதட்டல் மெலிசாகத்தான் கேட்கும்.

"செத்தேன்" என்று சொல்லி விழுந்தேன். அது சுகமாக இருந்தது. ஆனால் இரண்டு மாதத்தில் என் முழங்கால்கள் வேறு தீர்ப்பு எழுதிவிட்டன. களத்தில் சண்டையிட மார்ஷல்கள் முன்னால் தேறி அனுமதி வாங்க வேண்டும். அந்தக் கட்டம் வரை நான் போகவேயில்லை. வில்வித்தை, மெல்லிய வாள் சண்டை, நடனம், கையெழுத்தோவியம் என்று வேறு கதவுகள் நிறைய உண்டு. நான் நுழைந்த கதவு சமையலறை.

அதுவும் திட்டமிட்டு நுழைந்ததல்ல. எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரியாத வளர்ப்பு. உள்ளே எட்டிப் பார்த்து, "நான் ஏதாவது கழுவட்டுமா?" என்றேன். அந்தக் கேள்விக்கு அங்கே இருக்கும் மதிப்பு அப்போது எனக்குத் தெரியாது. மூன்று மாதமாகக் கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்ட பெயர்கள் ஐந்து. அன்று ஒரு இரவில், அண்டாக்களுக்கு நடுவே, இருபது பேர் பழக்கமானார்கள். அவர்களில் ஒருவர்தான் மேலே சொன்ன மகாராஜா.

அடுத்த விருந்துக்குக் காய் நறுக்கக் கூப்பிட்டார்கள். அங்கேதான் ஃபோர்ம் ஆஃப் க்யூரி எனக்கு அறிமுகம். 1390 வாக்கில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் சமையல்காரர்கள் தொகுத்த குறிப்புகள். 'க்யூரி' நம்ம கறிதான் என்று பெருமையாக அறிவித்தேன். தலைமைச் சமையல்காரர் ரொம்ப நாசூக்காக, அது சமையல் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்றார். சரி, சொல்தான் நம்முடையதில்லை. சாமான்? மிளகு, சுக்கு, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், குங்குமப்பூ. ஆங்கிலேயச் சாப்பாடு என்றால் உப்புப் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு என்று நினைத்திருந்தவளுக்கு அது அதிர்ச்சி. உருளைக்கிழங்கே அப்போது அங்கே கிடையாது. 'ப்ளாங்க் மாங்' என்று ஒரு பண்டம்: அரிசியைப் பாதாம் பாலில் குழைய வேகவைத்து, கோழியைப் பஞ்சாகப் பிய்த்துப் போட்டு, சர்க்கரை சேர்ப்பது. பொங்கலில் கோழி விழுந்துவிட்ட மாதிரி இருக்கும். நான் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்தக் குறிப்புகளில் அளவு இருக்காது. எடு, இடி, போடு, வேகட்டும், பரிமாறு, அவ்வளவுதான். 'பவுடர் ஃபோர்ட்' போடு என்றிருக்கும், அதில் என்னென்ன என்று இருக்காது. அதைச் சமைக்கத் தக்கபடி மாற்றி எழுதத் தெரியாமல் மற்றவர்கள் தவித்தார்கள். எனக்கு அது அம்மா தொலைபேசியில் சொல்லும் சமையல் மாதிரியே இருந்தது. 'பொடி போடு' என்றால் எந்தப் பொடி, யார் வீட்டுப் பொடி என்று கேட்கக் கூடாது, கண்ணளவுதான், கைப்பக்குவம்தான். மூக்கால் முகர்ந்து நான் கலந்த பவுடர் ஃபோர்ட் இன்றைக்கும் எங்கள் கிளையில் என் பேரோடு ஒரு டப்பாவில் இருக்கிறது.

திப்பிலிக் கதை இன்னும் நல்லது. சின்னச் சீசாவில் பத்து இருபது காய், யானை விலை கொடுத்து வாங்கி, பூட்டி வைக்காத குறையாக வைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தேன். நம் அரிசித் திப்பிலி! இருமலுக்குத் தேனில் குழைத்துப் பாட்டி நாக்கில் தடவியது. ஊரிலிருந்து வந்த சித்தப்பா மகனிடம் சொல்லி நாட்டுமருந்துக் கடையில் கால் கிலோ வாங்கிவரச் செய்தேன். பொட்டலத்தைப் பிரித்த அன்று அந்தச் சமையலறையில் என்னை அவர்கள் பார்த்த பார்வையை என் கல்யாணத்தன்று கூட யாரும் பார்க்கவில்லை. பெப்பர் என்ற சொல்லே பிப்பலி என்ற திப்பிலியின் பேரிலிருந்துதான் மேற்கே போனது என்று சொல்லி, க்யூரியில் போன மானத்தைக் கொஞ்சம் மீட்டுக்கொண்டேன்.

பிறகு அவர்கள் கேட்டார்கள்: உங்கள் ஊர்ச் சாப்பாடு ஒன்று, 1600க்கு முந்தையது, செய்ய முடியுமா?

அதற்கென்ன என்றேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் மிளகாய் இல்லை. போர்த்துக்கீசியர் வழியாக அமெரிக்காவிலிருந்து வந்த சாமான் அது. தக்காளி இல்லை, உருளை இல்லை, வேர்க்கடலை இல்லை. வெண்பொங்கலாவது செய்வோம் என்றால் முந்திரியும் அதே கப்பலில் வந்தது. இரண்டாயிரம் வருடப் பாரம்பரியம் என்று வாய் ஓயாமல் பேசுகிற நான், நாலு நூற்றாண்டுக்கு முன்னால் என் ஊர்க்காரி ஒருத்தி என்ன சாப்பிட்டாள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கடைசியில் கைகொடுத்தவை கோயில் கல்வெட்டுகள். சோழர் காலத்தில் சாமிக்குப் படைக்க என்னென்ன வேண்டும் என்று கல்லில் எழுதியிருக்கிறார்கள்: அரிசி, பருப்பு, நெய், தயிர், மிளகு, சீரகம், கடுகு, புளி, சர்க்கரை, வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு. நெய்யமுது, கறியமுது, தயிரமுது, அடைக்காயமுது என்று எல்லாமே அமுதுதான். வாழைக்காயைப் புளி விட்டு, மிளகும் சீரகமும் அரைத்துப்போட்டு, நெய்யில் கடுகு தாளித்தேன். தயிரமுதும் பருப்பும் கூட. எண்பது பேருக்கு. கையால் சாப்பிடலாமா என்று ஒருவர் கேட்டார். மத்தியகால ஐரோப்பாவிலும் சாப்பாட்டு மேசையில் முள்கரண்டி அபூர்வம். கையலம்பத் தண்ணீர்ச் செம்பும் தட்டும் கொண்டுவருவது அங்கேயும் மரியாதை. பத்து வருடமாக அலுவலக மதிய உணவில் முள்கரண்டியோடு போராடியவள், அன்று எண்பது அமெரிக்கர்களுக்குச் சோற்றைப் பிசையச் சொல்லிக்கொடுத்தேன்.

உடை, வாள், சாப்பாடு எல்லாம் ஆன பிறகு ஒரு கேள்வி மிச்சமிருக்கும்: நீ யார்? பெர்சோனா என்பார்கள். எந்த நூற்றாண்டு, எந்த ஊர், என்ன பெயர். முதல் நாளே முடிவு செய்துகொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வருடத்தில் மாற்றிவிடுகிறார்கள். அவசரமேயில்லை. ஆரம்பத்தில் மேற்கு ஐரோப்பாவையே மையமாக வைத்திருந்த அமைப்பு இது. இப்போது மங்கோலியர், ஜப்பானியர், துருக்கியர் என்று யாராகவும் இருக்கலாம். ஆனாலும் கூட்டத்தில் நிறம் கொஞ்சம் வெளுப்புதான், அதை மறைப்பதற்கில்லை. வெளியூர் விழா ஒன்றில் ஒருவர் என் ஆங்கிலேய அங்கியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இது பொருந்தலையே, சாரி கட்டலாமே" என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார் என்று வைத்துக்கொண்டாலும் அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

சேலை அத்தனை சுலபமில்லை என்று அவருக்கு யார் சொல்வது? ரவிக்கையும் உள்பாவாடையுமாக நாம் இன்று கட்டுகிற கட்டு கிட்டத்தட்ட நூறு நூற்றைம்பது வருடத்துப் பழக்கம். சோழர் செப்புத் திருமேனிகளில் இடுப்புக்கு மேல் நகைகள்தான் இருக்கின்றன. பென்சில்வேனியாவில் அப்படிப் போய் நிற்க எனக்கு வரலாற்று ஆர்வம் போதாது. அதனால் இன்றுவரை உடையில் நான் இங்கிலாந்துக்காரி. பெயருக்கு மட்டும் ஊருக்குப் போனேன்.

பெயரைப் பதிவு செய்ய ஹெரால்டுகள் இருக்கிறார்கள். இந்தப் பெயரை அந்தக் காலத்தில் நிஜமாகவே யாராவது வைத்திருந்தார்களா என்று ஆதாரம் கேட்பார்கள். ஐரோப்பாவில் ஆண் பெயர்கள் குவிந்து கிடக்கின்றன, பெண் பெயருக்கு வரிப் புத்தகங்களையும் தேவாலயப் பதிவுகளையும் சல்லடை போட்டுச் சலிக்க வேண்டியிருக்கிறது. நான் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியைத் திறந்து காட்டினேன். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டிவைத்த பட்டியல். பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடும் பெண்கள், நானூறு பேர், எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்பது உட்பட. நக்கன் சேரமங்கை. நக்கன் பட்டாலி. நக்கன் எடுத்தபாதம். ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஹெரால்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நானூறு பெண்களா? வீட்டு விலாசத்தோடயா?" என்றார். பிறகு அரை மணி நேரம் அவர் என்னை விடவில்லை. ஆடவல்லானின் தூக்கிய காலை ஒரு பெண்ணுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள் என்று நான் விளக்கியபோது, பக்கத்து மேசைக்காரர்களும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். நான் சேரமங்கையை எடுத்துக்கொண்டேன். எடுத்தபாதத்தின்மேல் ஆசைதான். வாயிலில் பெயர் எழுதுகிறவர்களை நினைத்து விட்டுவிட்டேன்.

வாயில் என்றதும் பென்சிக் ஞாபகம் வருகிறது. நுழைவுக்கட்டணம் வாங்கும் மேசைக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் ட்ரோல், பாலத்தடியில் உட்கார்ந்து வழிப்பணம் பிடுங்கும் பூதம். பெருந்தொற்றால் 2020, 2021 இரண்டு ஆண்டும் பென்சிக் நடக்கவில்லை. நான் முதன்முதலாகப் போன 2023இல் அது 50ஆவது போர். பிட்ஸ்பர்க்கிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம், ஸ்லிப்பரி ராக் ஊருக்குப் பக்கத்தில் கூப்பர்ஸ் லேக் முகாம். ஏறக்குறைய பத்தாயிரம் பேர், இரண்டு வாரம், கூடாரங்கள். வழுக்குப்பாறை என்ற ஊர்ப்பேருக்கு மழை பெய்தால் அர்த்தம் விளங்கும். காட்டுச் சண்டை, பாலச் சண்டை என்று பகலெல்லாம் கேடயங்கள் மோதும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கும். நான் அதில் பாதியைத்தான் பார்த்தேன். மீதி நேரம் எங்கள் முகாமின் சமையல் கூடாரத்தில் இருந்தேன். ஒரு ராத்திரி புயல் வந்து கூடாரக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஆறு பேர் நின்றோம். அதில் ஒருவருடைய நிஜப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு எல்லாப் படத்தையும் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். அம்மா படங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சேரமங்கை விஷயத்தைத்தான் பிடித்துக்கொண்டார்.

"நூறு கலமா? ரெண்டு கலம் ஒரு மூட்டை. அப்ப அம்பது மூட்டை."

"அது ஆடவல்லான்னு தனி மரக்கால்ல அளந்ததும்மா. நம்ம மரக்கால் கணக்கு வராது."

"எந்த மரக்காலா இருந்தா என்ன, ஒருத்திக்கு அம்பது மூட்டை தாராளம். வீடும் குடுத்திருக்கான். சரி, ஒனக்கு அங்க என்ன தர்றாங்க?"

"எதுவும் தரமாட்டாங்கம்மா. நாமதான் கட்டணம் கட்டிட்டு உள்ள போகணும்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்ப காசையும் குடுத்துட்டு, பாத்திரத்தையும் தேய்ச்சுட்டு வர்ற?"

ஆமாம் என்றேன்.